கூடிய புள்ளி எடுத்தவர்கள் உள்ளே போகலாம்

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்க்க எனக்குச் சந்தோசமாகவும் இருக்கிறது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது. வெள்ளை மேலங்கியை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, இயந்திரத்தின் பொத்தான்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு வந்து நிற்கிறீர்கள். நல்லது. இயந்திரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லித்தரப் போவதில்லை. அது பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வரும். வரும் வரைக்கும் நீங்கள் தேநீர் குடித்துக்கொண்டு இருக்கலாம். இயந்திரம் சொன்ன இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் மனிதரின் முகத்தைப் பார்ப்பதுதான் எங்கள் தொழிலில் கஷ்டமான இடம். அதற்கு எங்கிருந்தும் ஆள் வராது.

கொரோனாக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது நான் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம்தான் இருந்தது. எங்கள் ஊழியர்கள் எல்லோருக்கும் இரண்டாவது தடுப்பூசியும் போட்டு முடிந்திருந்தது. அந்த ஊசியால் உடம்பில் எவ்வளவு எதிர்ப்பு உண்டாகியிருக்கிறது என்று அறிய, வைத்தியர்கள் தொடக்கம் வாசல் காவலாளி வரை எல்லோரிடமும் இரத்தம் எடுத்துப் பிறபொருளெதிரியை அளந்து பார்ப்பது என்று முடிவாகியது. பள்ளிக்கூடத்தில் பிறபொருளெதிரி என்று படித்தவர்களும் வைத்தியசாலைக்கு வந்ததும் அன்ரிபொடி என்றுதான் சொல்வார்கள், அதனால் அதற்காக நான் யாருடனும் சண்டைக்குப் போகவில்லை.

உங்களுக்குத் தெரியும், எங்கள் ஊர் ஆட்களிடம் ஒரு இலக்கத்தைக் கொடுத்தால், இது என்ன இலக்கம் என்று கேட்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். நல்லூர்ப் பக்கத்து ரியூசன் கொட்டிலில் வாங்குப் பலகையைத் தேய்த்து வளர்ந்த ஆட்கள் வேறு எப்படி இருப்பார்கள்? இரத்தம் எடுக்கும் திகதி சொன்ன நாளிலிருந்தே ஆயத்தம் தொடங்கிவிட்டது. ஒருவர் முருங்கையிலைக் கஞ்சி குடித்தால் கூடுமோ என்று கேட்டார். அலுவலகத்தில் வேலை செய்த ஒரு பெண் வந்து, “மிஸ், எனக்கு மட்டும் ஒரு கிழமை பிந்திப் போடுங்கோ, அதுக்குள்ளை கூட்டிப்போடுவன்,” என்றாள். அவளுக்கு விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இருக்கவில்லை. கையை நீட்டு என்று சொல்லி அப்போதே எடுத்துவிட்டேன்.

முடிவுகளை ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறையில் ஒட்டித்தான் கொடுத்தோம். ஒட்டி என்ன பயன்? பத்து மணித் தேநீருக்குள் எல்லா உறையும் கன்ரீன் மேசையில் திறந்து கிடந்தது. பல்கலைக்கழகத்துக்கு எடுபடுகிற மாதிரி, வெட்டுப்புள்ளி எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். தன்னோடு ஒரே நாளில் ஊசி போட்டவளுக்குத் தன்னைவிடக் கூட வந்திருக்கிறது என்று ஒரு வைத்தியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, மீள்பரிசீலனை செய்ய முடியுமா என்று என்னிடம் விசாரித்தார். படித்த மனிதர். நான் அவருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து அனுப்பினேன்.

அந்தப் பரீட்சையில் முதலாம் இடம் குகனுக்கு. குகன் இணுவில் ஆள், ஐம்பதை நெருங்கிய ஆண் தாதி, வேலையில் கெட்டிக்காரர். ஆனால் அவருடைய கெட்டித்தனத்தை நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை, அவரே சொல்லிவிடுவார். அன்று கன்ரீனில் நின்று ஒரு பிரசங்கமே வைத்தாராம். விடியக் கிணற்றில் குளிப்பு, கோவில், மரக்கறிச் சாப்பாடு.

“மச்சம் மாமிசம் தொடாத உடம்பு கண்டியளோ. அதுதான் இவ்வளவு,” என்று சொல்லி உறையை உயர்த்திக் காட்டினாராம்.

எனக்கு அந்த இலக்கத்தைப் பார்த்தவுடனே விசயம் விளங்கிவிட்டது. எங்களுக்குப் போட்ட ஊசி மட்டும் உள்ளவருக்கு அவ்வளவு உயரம் போகாது. கிருமி ஒருமுறை உள்ளே வந்து போய், அதன் மேல் ஊசியும் ஏறிய உடம்புதான் அப்படிக் காட்டும். ஆனால் குகனுக்குக் கொரோனா வந்ததாக ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சில மாதத்துக்கு முன் வயிற்றுக் குழப்பம் என்று சொல்லி அவர் லீவில் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் அவருடைய மச்சாளின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு நடந்ததும் ஞாபகம் வந்தது. ஆட்கள் கூடக்கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்த காலம், படலையைச் சாத்திவிட்டு உள்ளே பந்தி போட்ட காலம். ஒருவருக்கு வந்தது தெரிந்தால் பந்தியில் இருந்த அத்தனை வீட்டுக்கும் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டிவிடுவார்கள். பாவம், மனிசன் தோட்டத்துக் கொட்டிலில் கொத்தமல்லித் தண்ணியோடு கிடந்து தப்பியிருக்கிறது. இப்போது அதே மனிசன் முதலாம் இடம் என்று ஊரெல்லாம் பறைதட்டுகிறது.

நான் வாயே திறக்கவில்லை. நீங்களும் திறக்கக்கூடாது. இலக்கத்தைப் பார்த்து வீட்டுக் கதையை அறிகிற தொழில் இது. அறிந்ததை விழுங்கத் தெரியாதவர்கள் வேறு வேலை பார்ப்பது நல்லது.

இந்தப் புள்ளிக் கூத்து ஒரு கிழமைகூட நீடிக்கவில்லை. கொரோனா வாட்டில் கட்டில்கள் நிரம்பின. அங்கே நின்ற தாதிகள் ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையில் விழுந்தார்கள். ஒருநாள் காலை அத்தியட்சகர் எல்லோரையும் கூப்பிட்டு, அன்ரிபொடி கூடுதலாக இருப்பவர்களைத்தான் இனிக் கொரோனா வாட்டில் போடப் போகிறேன், குறைந்தவர்கள் வெளியே நிற்கட்டும் என்று அறிவித்தார். இலக்கம் ஒரு கவசம் இல்லை சேர், அதை நம்பி ஆட்களைப் பிரிக்கேலாது என்று நான் சொன்னேன்.

“எனக்கும் தெரியும் மிஸ். வேறை என்னத்தை வைச்சுப் பிரிக்கிறது? குடவோலை எடுக்கட்டோ?” என்றார்.

சரியான இலக்கங்களைப் பின்னேரத்துக்குள் தன் மேசைக்கு அனுப்பச் சொன்னார்.

கன்ரீனில் அன்று ஒருவரும் உறையை வெளியே எடுக்கவில்லையாம். பிறகு ஆய்வுகூட வாசலுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்துச் சரித்திரத்திலேயே புள்ளியைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பித்த முதல் கூட்டம் அதுவாகத்தான் இருக்கும். முன்னுக்கு நின்றவர் குகன்.

“மிஸ், மெசினிலை ஏதும் பிழை இருக்குமோ எண்டு எனக்கு ஒரு யோசினை.”

“நல்ல மெசின் எண்டு கன்ரீனிலை நீங்கள் சொன்னதாக் கேள்விப்பட்டன்.”

“அது… அண்டைக்கு. ஒருக்கா திருப்பிப் பாத்தாக் குறைஞ்சாலும் குறையும்.”

“திருப்பிப் பாத்தாக் கூடவும் வரும் குகன். இன்னும் ஒரு கோவில் சேத்துக் கும்பிட்டிருப்பீங்கள்.”

அவர் சிரிக்கவும் மாட்டாமல் கோபிக்கவும் மாட்டாமல் நின்று, பிறகு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்களையும் ஒவ்வொரு பகிடி சொல்லி அனுப்பினேன். பயந்த ஆட்களைக் கண்டித்து ஒரு பலனும் இல்லை. எனக்கும் பயம்தான்.

எல்லோரும் போன பிறகு ஜெசிந்தா வந்தாள். குருநகர்ப் பிள்ளை. சத்திரசிகிச்சை வாட்டில் தாதி. தகப்பன் கடலுக்குப் போகிறவர், தாய் இல்லை. வாயாடி என்று பெயர் எடுத்தவள். அவளுடைய இலக்கம் வந்தபோது நான் திடுக்கிட்டிருந்தேன். ஊசியே போடாத ஒருத்திக்கு வருவதுபோல, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. குழாய் மாறிவிட்டதோ என்று நானே அவளிடம் இரண்டாம் தரம் இரத்தம் எடுத்து, நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அதுவும் அப்படியேதான் வந்தது. அவளோ கன்ரீனில், “எனக்கு முட்டை,” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பில் எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை.

“மிஸ், என்ரை இலக்கத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட ஏலாதோ?” என்று கேட்டாள்.

“ஊரெல்லாம் குறைக்கச் சொல்லி வருது, நீ ஒருத்தி கூட்டச் சொல்லுறாய். உனக்கென்ன பிள்ளை, விசரோ?”

அவள் சிரிக்கவில்லை. “அப்பா உள்ளுக்கை, மிஸ்,” என்றாள்.

முதல்நாள்தான் கொண்டுவந்து கொரோனா வாட்டில் சேர்த்திருக்கிறார்கள். மீன் சந்தையில் தொற்றியிருக்க வேண்டும். பார்க்கப் போக ஒருவருக்கும் அனுமதி இல்லை. வேலைக்கு நிற்கிற தாதி மட்டும்தான் உள்ளே போகலாம்.

“அவருக்கு இடது காது கேளாது. என்ன சொல்லினம் எண்டு விளங்காமல் ஒட்சிசன் மாஸ்க்கைக் கழட்டி எறியிறாராம். சாப்பிடுறாரும் இல்லையாம். நான் நிண்டாக் கழட்டமாட்டார் மிஸ். நீங்கள் ஒரு இலக்கம் தட்டினாக் காணும், என்னை உள்ளுக்குப் போடுவினம்.”

நான் கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருக்கச் சொன்னேன். பிறகு, “நீ என்ன மருந்துக் குளிசை எடுக்கிறாய்?” என்று கேட்டேன்.

அவள் தன் விரல் மூட்டுகளைத் தடவிக்கொண்டே சொன்னாள். மூட்டுவாதம். உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைக்கிற குளிசைகள். எங்கள் வைத்தியசாலையில் காட்டினால் தெரிந்துவிடும் என்று பட்டணத்தில் ஒரு தனியார் வைத்தியரிடம் போய்வருகிறாள். கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம். வருத்தக்காரி என்று ஒரு சொல் வெளியே போனால் பேச்சு நின்றுவிடும் என்ற பயம். அந்தப் பயம் விசர்ப் பயம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் எங்கள் ஊரை எனக்கும் தெரியும்.

அப்போது தொலைபேசி அடித்தது. அத்தியட்சகர்.

“மிஸ், இலக்கங்கள் எங்கை? நான் டியூற்றி போட வேணும்.”

“வருகுது சேர்,” என்று வைத்தேன்.

ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை கணினிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மாற்றுவது பெரிய வேலை இல்லை, முட்டை என்றது வெறும் பகிடி என்றால் ஒருவரும் துருவிக் கேட்கவும் மாட்டார்கள். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. அந்த நிமிடம் அந்தப் பிள்ளை கேட்டது எதுவானாலும் கொடுக்க வேண்டும் போலத்தான் எனக்கு இருந்தது. ஆனால் அந்த இலக்கத்தை நம்பி ஒருவர் அவளுக்குக் கதவைத் திறந்துவிடுவார். எதிர்ப்பே இல்லாத உடம்போடு அவள் அந்த அறைக்குள் நாள் முழுக்க நிற்பாள். தகப்பனைப் பார்க்கப் போகிறவள் தகப்பனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுப்பாள்.

“ஏலாது பிள்ளை,” என்றேன்.

“அப்ப அவர் தனியச் சாகட்டும் எண்டுறீங்கள்.”

உண்மை சொன்னால் நாங்கள் நல்லவர்கள் ஆகிவிடுவோம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். அன்று நான் உண்மையைத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் என்னைப்போலக் கெட்டவள் உலகத்தில் இல்லை. அவள் அழுது முடியும் வரை பக்கத்தில் இருந்தேன்.

பிறகு கேட்டேன். “உள்ளுக்குப் போற ஒருத்தரிட்டை உன்ரை அப்பாவைப் பற்றிச் சொல்லட்டோ?”

முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். “சொல்லுங்கோ. குளிசைக் கதை வேண்டாம்.”

“சொல்லமாட்டன். ஆனா குளிசை தாற டொக்டருக்கு இந்த இலக்கத்தை இண்டைக்கே நீ சொல்ல வேணும்.”

அதற்கும் தலையாட்டினாள்.

அவள் போனதும் குகனைக் கூப்பிட்டு அனுப்பினேன். இலக்கம் குறைந்துவிட்டது என்ற நல்ல செய்தி வரப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, ஓட்டமும் நடையுமாக வந்தார். ஜெசிந்தாவின் தகப்பன் உள்ளே கிடக்கிற நிலையைச் சொன்னேன். கேளாத காதைச் சொன்னேன், கழற்றி எறிகிற மாஸ்க்கைச் சொன்னேன். அவரைப் போகச் சொல்லிக் கேட்கவில்லை. அவருடைய இலக்கத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவில்லை. அதை வைத்து ஒருவரை மடக்குவது, அதை ஊருக்குச் சொல்வதைவிடக் கேவலம்.

குகன் வாசலில் ஆள் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“எனக்கு வந்து போனது, மிஸ்,” என்றார் மெல்ல. “சாமத்தியவீட்டிலை.”

“ஓம்.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“மெசினுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டு என்னைக் கன்ரீனிலை உளற விட்டீங்கள்.”

“நல்லாத்தானே கதைச்சீங்கள். ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்.”

மனிசன் சிரித்துவிட்டது. பிறகு முகம் மாறியது. “அந்தக் கொட்டிலுக்கை கிடக்கேக்கை மூச்சு எடுக்கேலாமல் ஒரு நாள் பயந்துபோனன் மிஸ். பக்கத்திலை ஒரு சனம் இல்லை,” என்றார். “அவருக்கு எந்தக் காது கேளாது?”

இடது காது என்று சொன்னேன். அன்று பின்னேரம் இலக்கங்கள் எல்லாம் வந்தபடியே அத்தியட்சகரிடம் போயின. குகன் தானாகவே கேட்டுக் கொரோனா வாட்டுக்குப் போனார்.

போகும் முன் அவரை ஒருமுறை கண்டிக்க வேண்டியிருந்தது. எனக்குத்தான் அன்ரிபொடி கூட இருக்கிறதே என்று முகக்கவசத்தை நாடியில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். இலக்கத்தைக் கண்டு பயப்படுகிறவர்களைவிட, இலக்கத்தைக் கண்டு பயத்தை விட்டவர்கள்தான் எங்களுக்குக் கூடிய வேலை வைப்பார்கள். முகக்கவசத்தைச் சரியாகப் போட வைத்துத்தான் உள்ளே விட்டேன்.

ஜெசிந்தாவின் தகப்பன் வைத்தியசாலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. பருப்பும் பூசணியும் தொண்டையால் இறங்கவில்லையாம். காலம் முழுக்க மீனோடு சோறு தின்ற மனிசன். குகன் தொலைபேசியில் சொன்னதும் ஜெசிந்தா விடிய எழும்பி, தேங்காய்ப்பால் விட்டு விளைமீன் சொதி வைத்துக் கொண்டுவந்து வாசலில் கொடுத்தாள். அது உள்ளே போனது. அவள் வெளியே வேப்பமரத்தடியில் நின்று வீடியோ அழைப்பை எடுத்தாள். நானும் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். திரையில் குகன், தலையிலிருந்து கால் வரை மூடிய உடுப்போடு, கரண்டியைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார்.

“பிள்ளை, இதிலை எது முள்ளு, எது மீன்?”

“அண்ணை, நடுவாலை பிரியுங்கோ. பெரிய முள்ளு அப்பிடியே கழண்டு வரும்.”

“வரேல்லை.”

“அது தோல் அண்ணை. தோலை இழுக்காதேங்கோ.”

“இப்ப ஒண்டு வந்தது. இது முள்ளுத்தானே?”

“அது கறிவேப்பிலைக் காம்பு.”

கட்டிலில் கிடந்த மனிசன் இதெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மாஸ்க்குக்குள்ளால் குரல் வந்தது.

“பிள்ளை, உவன் ஆர்? ஐயரோ?”

நாங்கள் இருவரும் வேப்பமரத்தடியில் நின்று சிரித்தோம். ஜெசிந்தா சிரித்ததை அந்தக் கிழமையில் நான் அப்போதுதான் கண்டேன். மச்சம் தொடாத உடம்பு, அந்தச் சொதியைக் கிளறிக் கிளறி, பஞ்சுபோல ஆக்கிக் கரண்டியால் ஊட்டியது. அவர் சாப்பிட்டார். மாஸ்க்கையும் பிறகு கழற்றவில்லை. குகன் வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து கதைப்பார், அவர் தலையாட்டுவார். நாள்தோறும் மீன் போனது. குகனுக்கு முள்ளெடுக்கும் கை வந்துவிட்டது. இனிச் சந்தையில் மீன் வெட்டலாம் என்று நான் பகிடி பண்ணினேன்.

மனிசன் எழும்பிவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சுவாசப்பை சொல்வழி கேட்கவில்லை. ஒருநாள் மதியம் அவர் போய்விட்டார்.

சவப்பெட்டியைத் திறக்க விடாத காலம் அது. ஜெசிந்தா வேப்பமரத்தடியில் நின்றாள். அவளை உள்ளே விடாததற்காக நான் இன்றுவரை என்னைக் குறை சொல்லவில்லை. அப்படி ஒரு நிலை உங்களுக்கு வந்தாலும் அதையேதான் செய்ய வேண்டும். ஆனால் சரியானதைச் செய்த பிறகு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அது வலித்த இடத்தில் போய் நில்லுங்கள். அதனால் நானும் போய் நின்றேன்.

குகன் உடுப்பைக் கழற்றி, குளித்து, ஈரத் தலையோடு வெளியே வந்தார். கிட்ட வர அவருக்கு அனுமதி இல்லை. முற்றத்தின் அந்தப் பக்கத்திலேயே நின்றார்.

“அண்ணை, அப்பா ஏதும் சொன்னவரோ?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

“காலமை சாப்பிடேக்கை சொன்னவர்.”

“என்ன?”

குகன் தயங்கினார். “சொதியிலை உப்புக் காணாதாம்.”

அவள் வாயைப் பொத்தினாள். முதலில் வந்தது சிரிப்புத்தான். “பிறசருக்கெண்டு நான்தான் குறைச்சுப் போட்டனான்,” என்றாள். அந்தச் சொல் முடியும்போதே நிலத்தில் இருந்துவிட்டாள். குகன் முற்றத்துக்கு அப்பால் நின்று கண்ணைத் துடைத்தார். நான் அவளுக்குப் பக்கத்தில் மண்ணிலே இருந்தேன். உள்ளே போகக்கூடாது என்று சொன்ன என்னுடைய தோளில்தான் அவள் தலையை வைத்து அழுதாள்.